தூங்க வைக்கும் கார்

என் மாமாவின் காரில் ஏறியவர்கள் தூங்கிப் போவார்கள். அந்தமானில், ரங்கத்தில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழைக்காலத்தில் மாமா போர்ட் பிளேரிலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பெண் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

"தம்பி, கடைத்தெரு வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன். காலையில இருந்து கத்துறான்."

மாமா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். சாரலுக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தாயையும் பிள்ளையையும் பின்சீட்டில் உட்கார வைத்து, கடைத்தெருவையும் பஸ் நிலையத்தையும் சுற்றிக்கொண்டு வருவார். திரும்பி வரும்போது குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கும். சில சமயம் தாயும் தூங்கியிருப்பாள்.

"கை அப்படி" என்பாள் அம்மா. "என் தம்பி ஓட்டினா தொட்டில்ல போட்ட மாதிரி."

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. போர்ட் பிளேரில் டெலானிபூர் சரிவில் ஒரு வாடகை வீட்டில் அத்தையோடு இருந்தார். பல வருடம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டியவர். சுனாமிக்குப் பிறகு, கடல் தண்ணீர் நின்று கெட்டுப்போன வண்டிகளைக் கழித்துக் கட்டியபோது, ஒரு பழைய வெள்ளைக் காரை ஏலத்தில் எடுத்தார். உருண்டை மூக்குக் கார். சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற அடையாளம் அதன் கதவுகளில் ஒரு கோடாகவே இருந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். மாமா அதை ஆணி ஆணியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினார். டெலானிபூரில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதே பெரும்பாடு. அத்தை பிடித்து வைத்த குடங்களைத்தான் அவர் கார்பரேட்டருக்கு ஊற்றினார். நாலு மாதம் கழித்து அந்தக் கார் ஓடியது. நான் பார்த்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதைச் சின்னக் காரியம் என்று சொல்ல மனம் வராது.

காரின் கோளாறுகளை மாமா மறைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பிள்ளைகளை அறிமுகம் செய்வது போல ஒவ்வொன்றாகச் சொல்வார். பிரேக்கை ஒரு தரம் மிதித்தால் கால் சும்மா கீழே போகும். இரண்டாம் தரம் மிதித்தால்தான் பிடிக்கும். ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். டிரைவர் பக்கத்து வைப்பர் மட்டும் வேலை செய்யும். செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பின்னால் இடதுபக்கக் கதவின் பூட்டு துருப்பிடித்துப் போனதால் உள்ளே நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பின்சீட்டுக்குக் கீழே தரை துருவேறிச் சாலை தெரிந்த இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி வைத்து, மேலே பாயை விரித்திருந்தார்.

"வண்டி பேசும் மருமகனே" என்பார் என்னிடம். "எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிரும். கீச்சுன்னா பெல்ட்டு. திரும்பையில டக்குடக்குன்னா முன்சக்கரம். இருமுனா பெட்ரோல்ல துரு. நமக்குக் காது இருந்தாப் போதும்."

அவருக்குக் காது இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து ஒரு திருகு திருகிவிட்டு வருவார். மறுபடி அந்தச் சத்தம் இருக்காது.

ஒருதடவை எங்கள் வீட்டு வாசலிலேயே சைலன்சர் குழாயின் பின்பாதி உதிர்ந்து விழுந்தது. மாமா எடுத்துப் பார்த்தார். பிஸ்கட் போலக் கையில் நொறுங்கியது. அம்மா பதறினாள்.

"வாலறுந்த நாய் ஓடாதாக்கா?" என்று மாமா அதை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

அதன் பிறகு புகைக்குழாய் பின்சீட்டுக்கு நேர்கீழே முடிந்துபோனது. சத்தம் கொஞ்சம் கூடியதே தவிர வேறு குறை யாருக்கும் தெரியவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் மாமா எப்போதும் ஊதுபத்தி ஏற்றி வைத்திருப்பார். கார் முழுக்க அந்த வாசனைதான். அந்த மழைக்காலத்தில்தான் மாமாவின் கை தூங்க வைக்கும் கை என்று பெயர் எடுத்தது.

அந்தப் பெயருக்கு அடங்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தை. அவருக்குக் காரில் ஏறினாலே குமட்டும். மழையென்றும் பார்க்காமல் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வருவார்.

"ஆடு ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு" என்பார் மாமா.

"ஆமா, ஆட்டுக்காவது மூக்கு இருக்கு. மேய்க்கிறவருக்கு அதுவும் இல்ல."

இன்னொருவன் நான். கயிறு கட்டிய கதவோரம்தான் எனக்கு எப்போதும் இடம். நான் எதற்கும் முறையிட மாட்டேன் என்பதால் அந்த இடம் எனக்கு வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் என் பெயரைக் கேட்டால்கூடச் சொல்லக் கூச்சப்படுவேன். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. இரண்டு விரல் போகிற இடைவெளி வழியாகக் காற்றும் சாரலும் என் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். எனக்குத் தூக்கமே வராது. எல்லோரும் தூங்கும்போது நான் மட்டும் விழித்திருப்பது மாமாவை அவமதிப்பது போல எனக்குத் தோன்றியது. அதனால் கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டுத் தூங்குவது போல நடிப்பேன். மாமா முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வதை அரைக்கண்ணால் பார்ப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே நடிக்கலாம்.

எனக்கு ஒரு தங்கை. மூன்று வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். சுனாமி அன்று நிலம் ஆடிய அந்தக் காலையில் அம்மா அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவள். அங்கே நின்றபடியே, பிள்ளை பிழைத்தால் முருகனுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டிக்கொண்டாள். அது தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாகப் போர்ட் பிளேர் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆகவே மாமாவே அத்தையோடு காரை எடுத்துக்கொண்டு எங்களைக் கூட்டிப் போக வந்தார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். விடாத மழை. பாப்பாவும் நானும் வழக்கம்போல எங்கள் விளையாட்டை ஆரம்பித்தோம். அவள் அம்மா மடியில் சாய்ந்து காலை என் பக்கம் நீட்டிக்கொள்வாள். நான் யாருக்கும் தெரியாமல் அவள் கட்டைவிரலைக் கிள்ளுவேன். அவள் உதைப்பாள். தூக்கத்தில் கிள்ளினாலும் உதைப்பாள், கண்ணைத் திறக்காமலே. அதுதான் விளையாட்டின் ருசி.

ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போகிற சாலை இரண்டு இடத்தில் கடலில் அறுந்துவிடும். அங்கெல்லாம் பெர்ரியில் வண்டியை ஏற்றி அக்கரைக்குப் போக வேண்டும். பெர்ரியில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டாவது பெர்ரி அக்கரை சேர்ந்ததும் எங்கள் கார் கிளம்பவில்லை. பெர்ரி ஆட்களும் பஸ்ஸில் வந்தவர்களும் சேர்ந்து மழையில் காரை மேட்டில் தள்ளினார்கள்.

"அரே பையா, காரா இது, கல்லுக்குண்டா?" என்றார் ஒருவர்.

"தள்ளுங்க தள்ளுங்க. உங்க கல்யாணத்துக்கு இதுலதான் ஊர்வலம்" என்றார் மாமா உள்ளேயிருந்து. எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பாப்பா அம்மா குடைக்குள் நின்று கை தட்டினாள். பாதி வாழைப்பழம் அவள் கையில் இருந்தது. அன்று அவள் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது அங்கேதான்.

அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அந்தக் காட்டுக்குள் வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்துக்கு எல்லா வண்டிகளும் வரிசையாக, முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு போக வேண்டும். அதைக் கான்வாய் என்பார்கள். அது அவர்களுடைய வீடு, நாம் கடந்து போகிறவர்கள் மட்டும். அதனால் வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது.

கான்வாய்க்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அணைத்தால் மறுபடி தள்ள ஆள் தேட வேண்டும் என்று மாமா எஞ்சினை ஓடவிட்டபடியே வரிசையில் நிறுத்தினார். மழைக்கு எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. கான்வாய் வரிசை என்பதால் அத்தையும் தன் பக்கத்தை ஏற்றியிருந்தார். வாலில்லாத குழாய் எங்களுக்கு நேர்கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முருகனுக்கு முன்னால் ஊதுபத்தி.

பாப்பா பழத்தை முடிக்காமலே தூங்கிப் போனாள். பிறகு அம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கான்வாய் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் முன்சீட்டில் இருந்த அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏங்க, தலை வெடிக்குது. ஒரு விரக்கடை இறக்கிக்கிறேன்" என்றார்.

"கான்வாய்ல கூடாதுடி. ஒரு மணி நேரம் பொறுத்துக்க."

"எனக்குப் பொறுக்கும். வயித்துக்குப் பொறுக்கணுமே."

"நீ ஏறுனாலே இதான். பின்னாடி பாரு, எல்லாம் எப்படித் தூங்குதுன்னு."

நான் அரைக்கண்ணால் பார்த்தேன். அம்மாவின் தலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணாடியில் மோதியது. அவள் விழிக்கவில்லை. பாப்பாவின் கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. வாழைப்பழம் பாயில் விழுந்து கிடந்தது. நான் அவள் கட்டைவிரலைக் கிள்ளினேன். அவள் உதைக்கவில்லை. அழுத்திக் கிள்ளினேன். உதைக்கவில்லை. நகத்தால் கிள்ளினேன்.

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உடனே நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நான் விழித்திருந்தது தெரிந்துவிடும். இத்தனை நாள் தூங்கியதெல்லாம் நடிப்பு என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றைக்கும் என்னால் கணக்கிட முடியவில்லை. நாலு வளைவு இருக்கலாம், பத்து வளைவும் இருக்கலாம். மாமா ஒரு நீளக் கொட்டாவி விட்டார். கார் ஓரமாகச் சாய்ந்து, செடிகள் கதவில் சரசரவென்று உரசின. அத்தை அவர் தோளில் அடித்தார். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது.

"மாமா, பாப்பா உதைக்க மாட்டேங்குது."

மாமா அந்தச் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீ முழிச்சா இருக்க?" என்றார். நான் பயந்தது போலவே அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு, "தூங்கட்டும்டா, விடு" என்றார்.

அத்தை திரும்பிப் பார்த்தார். சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டிப் பாப்பாவின் கன்னத்தில் தட்டினார். பிறகு அடித்தார். "அண்ணி, அண்ணி" என்று அம்மாவைப் பிடித்து உலுக்கினார். அம்மா முனகினாள், அவ்வளவுதான்.

"நிறுத்துங்க."

"கான்வாய்ல நிறுத்துனா லைசென்ஸ் போயிரும்..."

"நிறுத்துறீங்களா, நான் கதவத் தொறந்து குதிக்கவா?"

மாமா பிரேக்கை இரண்டு தரம் மிதித்தார். பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு எங்களை இடிக்காமல் நின்றது. மாமா இறங்கி மழையில் சுற்றி ஓடிவந்து என் பக்கத்துக் கதவை இழுத்தார். கயிறு கட்டியிருப்பதை அவரே மறந்துவிட்டார். ஒரு காலைக் காரின் மேல் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். கதவு மொத்தமாகப் பிய்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

ஒரு மனிதன் காரின் கதவைப் பிடுங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவ்வளவு பயத்திலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீல் இரண்டும் முன்னமே துருவில் அற்றுப் போய்ப் பெயிண்டில்தான் கதவு நின்றிருந்தது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு எனக்குத் தோன்றிய விஷயம். அன்று நான் பார்த்தது மாமாவின் பலத்தை மட்டும்தான்.

அவர் என்னைத் தூக்கிச் சாலையில் நிறுத்தினார். பாப்பாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார். அவள் தலை அவர் முதுகில் ஆடியது. பின்னாலிருந்த போலீஸ் வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் முதலில் கோபமாகத்தான் வந்தார். "காடி க்யோன் ரோகா?" என்று, வண்டியை ஏன் நிறுத்தினாய் எனக் கேட்டுக்கொண்டே வந்தவர், பாப்பாவைப் பார்த்ததும் நின்றார். காருக்குள் தலையை நீட்டினார். பாயைத் தூக்கித் தகட்டைத் தொட்டவர் சுட்டதுபோலக் கையை எடுத்தார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுந்து, "சீஷா நீச்சே கரோ. சப் நீச்சே" என்றார். கண்ணாடிகளை இறக்கு, எல்லாவற்றையும் இறக்கு என்கிறார். கண்ணாடியை ஏற்றச் சொல்கிற காட்டில், ஏற்றச் சொல்கிறவரே இறக்கச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மழை முகத்தில் விழுந்து அம்மா விழித்தாள். எழுந்து நிற்க முடியாமல் வாந்தி எடுத்தாள். பாப்பாவும் தோளிலேயே கொஞ்சம் பாலைக் கக்கினாள். கண் திறந்தது. ஆனால் அழவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

அம்மா, அத்தை, பாப்பா மூவரையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். கயிற்றை அறுத்து, கதவைத் தூக்கி எங்கள் காரின் பின்சீட்டில் நோயாளியைப் போலப் படுக்க வைத்தார்கள். நான் முன்னால் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு பக்கமும் திறந்த காரில் மழையில் நனைந்துகொண்டே அந்தப் போலீஸ் வண்டிக்குப் பின்னால் போனோம்.

"பேசு மருமகனே" என்றார் மாமா.

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"பேசுடா. எதையாச்சும் பேசு. வாய மூடாத."

அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. வாய்ப்பாடு சொன்னேன். இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் மாமா சட்டென்று திரும்பி என்னைப் பார்ப்பார். "அப்புறம்?" என்பார். காடு முடிந்து செக்போஸ்ட் வந்தது. நான் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் இருந்தேன். இறக்கத்தில் அவர் பிரேக்கை இரண்டிரண்டு தரமாக மிதித்துக்கொண்டே வந்தார். பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறித் தப்பும் தவறுமாகச் சொன்னேன். "சரிதான், சரிதான், நிறுத்தாத" என்றார். தப்பை ஏன் சரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். வாய்ப்பாடு தீர்ந்ததும் எங்கள் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னேன். பிறகு எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் பாப்பாவின் மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். அம்மாவுக்கும் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். டாக்டர் மாமாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "வண்டிப் புகை உள்ள வந்திருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்றார் டாக்டர். மாமா இவ்வளவு காலம் காதை வைத்தே வண்டியைப் பார்த்தவர். சத்தமே போடாத கோளாறு ஒன்று இருக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

எனக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது. விழித்திருந்தவன் நான். புகையே இல்லை, ஊதுபத்திப் புகைதான் இருந்தது என்று மாமாவுக்காகச் சாட்சி சொல்ல நினைத்தேன். கூச்சத்தில் சொல்லவில்லை. நான் இப்போது வண்டி ஏற்றுகிற ஒரு பெர்ரியில்தான் வேலை பார்க்கிறேன். பழைய கார் ஏறினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனியும்போது அப்படியே பின்குழாயையும் பார்த்துக்கொள்வேன். உள்ளே பிள்ளைகள் தூங்கினால் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்வேன். வேறு எதுவும் பேச மாட்டேன்.

பாப்பாவை இரண்டாம் நாள் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஆனால் பேசவில்லை, அழவில்லை, சிரிக்கவில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரும், நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. மாமா காரை எடுக்கவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அத்தை ஒரு வார்த்தைகூட அவரைக் குத்திப் பேசவில்லை. அதுவே அந்த வீட்டில் புதிது.

வியாழக்கிழமை மாலை அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். வேண்டுதலைத் தள்ள வேண்டாம், நாளைக்கே செய்துவிடலாம் என்று அம்மா சொன்னாள்.

மாமா வாசற்படியில் நின்றபடியே, "என் மடியில வேண்டாம்க்கா. மச்சானே வச்சுக்கட்டும்" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "மாமன் இருக்கையில அப்பன் மடியில காது குத்துற வழக்கம் எங்கயும் இல்ல. காலையில குளிச்சிட்டு வந்து உக்காரு மாப்ள."

அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

கோயிலில் முதலில் மொட்டை. மொட்டையடிக்கிற இடத்தில் அழாத பிள்ளை கிடையாது. எங்களுக்கு முன்னால் இருந்த பையன் ஊரைக் கூட்டிவிட்டான். பாப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கத்தி தலையில் ஓடியபோதும் இமைக்கவில்லை.

"இப்படி ஒரு சமத்துப் பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்றார் மொட்டையடித்தவர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமாவின் முகம் கறுத்தது.

பிறகு மாமா பட்டு வேட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாப்பாவை அவர் மடியில் வைத்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை அவர் தாடைக்குக் கீழே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் அவர் பிடித்துக்கொண்டார். ஆசாரி காது மடலைத் தடவி இடம் பார்த்தார். கம்பியை வைத்து ஒரே அழுத்து.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பாப்பா வீறிட்டாள். அப்படி ஓர் அலறலை அந்தக் கோயில் கேட்டிருக்காது. பிரகாரம் சுற்றியவர்கள் நின்று திரும்பினார்கள். அவள் முதுகை வில்லாக வளைத்து, காலால் மாமாவின் தொடையில் மாறிமாறி உதைத்தாள். "மாமா போ, மாமா போ" என்று கத்தினாள்.

மாமா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். பார்த்தால் அம்மாவும் சிரிக்கிறாள், அத்தையும் சிரிக்கிறார். அப்பா மட்டும் முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஆசாரி ஒன்றும் புரியாமல் அடுத்த காதுக்குக் கம்பியை எடுத்தார். இரத்தம் வருகிறது, பிள்ளை துடிக்கிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். நான் உலகத்திலேயே பெரிய ஆள் என்று நினைத்திருந்த மாமா இவ்வளவு கல்நெஞ்சக்காரர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பினோம். மாமா காரை எடுக்காமல் எங்களோடு பஸ்ஸில் வந்தார். சொந்தக் கார் வைத்திருக்கிறவர் பஸ்ஸில் வருவது எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா மடியில் பாப்பா. எங்களுக்கு முன்சீட்டில் மாமா முட்டி போட்டுப் பின்பக்கமாகத் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பாப்பா கண் செருகினால் போதும், கையை நீட்டி அவள் கட்டைவிரலைக் கிள்ளுவார். அவள் சிணுங்கி உதைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிள்ளுவார். வழியெல்லாம் இதே வேலை. பக்கத்து சீட்டிலிருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பச்சி கோ சோனே தோ" என்று அதட்டினார். குழந்தையைத் தூங்க விடச் சொன்னார்.

"உதைக்கிறாம்மா" என்றார் மாமா. ஏதோ பரிசு கிடைத்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

அது என் விளையாட்டு. அதையும் அவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்குக் கோபமான கோபம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மருமகனே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார்.

பழைய வித்தைதான். முன்சீட்டின் முதுகில் காலை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டுத் தூங்குவது போல இருந்தேன். பிறகு என் கட்டைவிரலில் ஒரு கிள்ளு விழுந்தது. கண்ணைத் திறக்காமலே உதைத்தேன். இருந்த கோபத்தில் பலமாகவே உதைத்துவிட்டேன். அவர் முகவாயில் பட்டது.

"ம்" என்றார் மாமா.

கண்ணைத் திறந்து பார்த்தேன். முகவாயைத் தடவிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். உதை வாங்கிய மனிதருக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.